மகாலட்சுமியின் தங்கச்சி

வேணிக்கு வயிற்றெரிச்சல் அதிகம். அதை நாம் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரி புது மிக்ஸி வாங்கினால் அன்றைக்கு வேணிக்குச் சோறு இறங்காது. தெரிந்தவள் மகளுக்கு வரன் முடிந்தால், பையனுக்கு என்ன உத்தியோகம், என்ன நகை போட்டார்கள், மாமியார்க்காரி எப்படிப்பட்டவள் என்று துருவித் துருவி விசாரித்து, எங்கேயாவது ஒரு குறை அகப்பட்ட பிறகுதான் நிம்மதியாகப் படுப்பாள். இத்தனைக்கும் யாருக்கும் ஒரு கெடுதல் செய்தவள் இல்லை. எரிச்சல் எல்லாம் தன் வயிற்றோடு சரி. ஒரே ஒரு தடவைதான் அது வயிற்றை விட்டு வெளியே வந்து காகிதத்தில் ஏறியது.

ஸ்ரீரங்கத்தில் ரயில் பாதையைத் தாண்டி, கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில் ஒரு பழைய வாரியக் குடியிருப்பு இருந்தது. அதில் இரண்டாவது மாடியில் வேணி பதினைந்து வருஷமாகக் குடியிருந்தாள். கணவன் நவநீதன் காந்தி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டினான். மகள் யாழினி காலேஜில் படித்தாள். வேணி ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, பெரிய கடை வீதி ஜவுளிக் கடைகளிலிருந்து வரும் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தாள். ஊரிலுள்ள பெண்கள் உடுத்தப் போகிற அத்தனை பட்டும் முதலில் அவள் மடியில்தான் விழும். தைத்து முடித்து மடித்து வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு விடுவாள். அதற்குக் கடைக்காரர் தனியாகக் காசு கொடுப்பதில்லை.

மெஷினுக்கு நேர் மேலே சுவரில் பெரிய சட்டம் போட்ட ஒரு கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. பார்க்கிறவர்கள் வேணியும் நவநீதனும் என்று நினைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு யாரோ இருப்பார்கள். அது மகாலட்சுமியும் அவள் புருஷனும். வீடு மகாலட்சுமி பெயரில் இருந்தது.

வாரியம் ஏழைகளுக்கு ஒதுக்கிய வீட்டை ஒதுக்கீடு வாங்கியவர் வாடகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். விடுவார்கள் என்பது நடைமுறை. சட்டத்துக்கும் நடைமுறைக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்ள அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வாடகைக்கு வருகிறவர் வீட்டுக்காரரின் போட்டோவைச் சுவரிலிருந்து எடுக்கக் கூடாது. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் அந்த விலாசத்தை ஏற்றக் கூடாது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டபடி யாராவது வந்து கேட்டால், வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கிறாள், நான் ஊரிலிருந்து வந்த தங்கச்சி என்று சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்த பிளாக்கில் பாதிப் பேர் தங்கச்சிகள். தங்கச்சிகள் அக்காக்களைவிட மூத்தவர்களாகவும் இருந்தார்கள். மகாலட்சுமிக்கு அக்காள் யார் என்று ஊருக்கே தெரியும், மூதேவி. தங்கை யார் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. அது வேணிதான்.

மகாலட்சுமியின் அம்மா ஒரு காலத்தில் ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவள். வெள்ளம் வந்து குடிசைகளை அடித்துக்கொண்டு போன வருஷம் அந்த ஜனங்களுக்கு இந்த வீடுகளை ஒதுக்கினார்கள். அம்மாவுக்குப் பிறகு வீடு மகளுக்கு வந்தது. மகளோ கல்யாணமாகி வையம்பட்டியில் மாமனார் வீட்டில் இருந்தாள், கொல்லையும் கிணறும் மாடுமாக. இதை நினைக்கும்போதெல்லாம் வேணிக்கு ஆறவே ஆறாது. அவள் அம்மாவும் குடிசையில்தான் இருந்தாள். ஆனால் மேட்டுப் பக்கம் இருந்தாள். அதனால் வெள்ளமும் வரவில்லை, வீடும் வரவில்லை. வெள்ளத்தைக் கண்டு பொறாமைப்பட்ட ஆள் இந்தத் திருச்சி ஜில்லாவிலேயே வேணி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மகாலட்சுமி மாதா மாதம் வாடகை வாங்க வருவாள். வெறுங்கையோடு வர மாட்டாள். ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு பை நிலக்கடலை, சில சமயம் நாட்டுக்கோழி முட்டை. யாழினியைப் பக்கத்தில் உட்கார வைத்து என்ன படிக்கிறாய் என்று கேட்பாள். வாடகையை ஏற்றச் சொல்லி அவள் புருஷன் நச்சரித்தும் பல வருஷம் ஏற்றாமலே இருந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் வேணிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வாய் நிறையத் திட்டிவிட்டு வயிற்றை ஆற்றிக்கொள்ளலாம். இவளோ திட்டுவதற்கு இடமே கொடுக்கவில்லை. ஒரே ஒரு குறை உண்டு. போகும்போது வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து, என் வீடு ராசியான வீடு வேணி, என்பாள். அந்த 'என்' வேணியின் காதில் அடுத்த மாதம் வரைக்கும் இரைந்துகொண்டிருக்கும்.

போன மழைக்காலத்தில் கீழ் வீடு ஒன்றில் கூரையின் காரை பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளையாக யார் தலையிலும் விழவில்லை. இன்ஜினியர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கட்டடம் குடியிருக்க லாயக்கில்லை, எல்லோரும் காலி செய்ய வேண்டும், இடித்துவிட்டு அதே இடத்தில் லிஃப்ட் வைத்துப் புது பிளாக் கட்டப் போகிறார்கள். ஒதுக்கீடு பெற்றவர்களுக்குப் புது பிளாக்கில் ஒரு வீடு. அதுவரை வெளியே வாடகைக்கு இருப்பதற்கு உதவியாக ஒரு தொகையும் உண்டு. நேரில் வந்து கைரேகை வைத்தால் பேங்கில் போட்டுவிடுவார்கள்.

ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு. அந்த ஒரு வார்த்தையை வேணி நோட்டீஸில் திரும்பத் திரும்பப் படித்தாள். காரை விழுமோ என்று அண்ணாந்து பார்த்தபடி தூங்கியவள் அவள். தண்ணீர் ஏறாத நாளில் இரண்டு மாடி குடம் சுமந்தவள் அவள். வெளியே போய் வாடகைக்கு அலையப் போகிறவளும் அவளே. வாடகை உதவி மட்டும் வையம்பட்டியில் சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பவளுக்கு.

மகாலட்சுமி அந்த வாரமே வந்துவிட்டாள். சமயபுரம் போய் அம்மனுக்கு மாவிளக்கு போட்டுவிட்டு, குங்குமமும் ஒரு டப்பா பால்கோவாவும் கொண்டுவந்தாள். லிஃப்ட் வருகிறதாம், சமையலறைக்கு டைல்ஸ் ஒட்டித் தருகிறார்களாம், பால்கனிகூட உண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லிவிட்டு, உங்களுக்குத்தான் கஷ்டம் என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். வேணி பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினாள். பால்கோவா நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

வீடு தேடி அலைந்தார்கள். சித்திரை வீதிப் பக்கம் சுத்த சைவமா என்று முதலில் கேட்டார்கள், பிறகு அட்வான்ஸைச் சொன்னார்கள். முதல் கேள்விக்குக்கூட ஏதாவது சமாளிக்கலாம், இரண்டாவதற்கு வழியில்லை. திருவானைக்கோவிலில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை வீடு அகப்பட்டது. அதற்கும் அட்வான்ஸ் குறைந்தது. நவநீதன் மார்க்கெட்டில் கைமாற்றுக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான்.

முதல் மாடியில் இருந்த ஜெஸிமாதான் மனு யோசனையைச் சொன்னாள். ஜெஸிமாவும் வாடகைக்கு இருப்பவள், கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். சொந்த வீடு இல்லாதவர்கள் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால், ஆள் வந்து விசாரித்துவிட்டு, வேறு இடத்தில் கட்டுகிற வீடுகளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பார்களாம். அவள் இருந்த வீட்டின் சொந்தக்காரர் சென்னையோடு போய்விட்ட கிழவர். விலாசத்தை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, எனக்கு இனிமே எதுக்கு அது, தாராளமா மாத்திக்கம்மா என்று சொல்லிவிட்டார். ஜெஸிமாவின் ஆதாரில் இந்த விலாசமே இருந்தது. வேணியின் ஆதாரில் துவாக்குடியில் மாமனார் என்றோ வாடகைக்கு இருந்த ஒரு வீட்டின் கதவு எண் இருந்தது. இதற்கும் சேர்த்து வேணி கொஞ்சம் எரிந்தாள்.

திங்கள்கிழமை இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் வெளிவாசலில் மனு எழுதித் தருகிறவர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெஸிமாவின் மனு நான்கே வரியில் முடிந்தது. அடுத்து வேணி. பெயர், கணவர் பெயர், இப்போது குடியிருக்கும் விலாசம், அங்கே வாடகைக்குத்தான் இருக்கிறேன், சொந்த வீடு எங்கும் இல்லை. எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று சாதாரணமாகக் கேட்டார்.

வேணி ஜெஸிமாவை முன்னால் போய் வரிசையில் இடம் பிடிக்கச் சொல்லி அனுப்பினாள். அவள் தலை மறைந்ததும் வேணியின் வயிறு பேச ஆரம்பித்தது. மகாலட்சுமி அந்த வீட்டில் இல்லை, வையம்பட்டியில் இருக்கிறாள், அங்கே கொல்லை இருக்கிறது, கிணறு இருக்கிறது, மாடு இருக்கிறது, எங்களிடம் வாடகை வாங்குகிறாள், அவளுக்கு எதற்குப் புது வீடு, அவளுக்கு எதற்கு வாடகைப் பணம். எழுதுகிறவர் மாட்டையும் கிணற்றையும் விட்டுவிட்டு மற்றதை எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். மேற்படி வீட்டின் ஒதுக்கீடுதாரரான மேற்படி மகாலட்சுமி என்பவர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கேட்கக் கேட்க வேணிக்குக் குளுகுளுவென்று இருந்தது. தன் வயிற்றெரிச்சலை இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

கணக்கு எளிமையானது. மகாலட்சுமியின் ஒதுக்கீடு ரத்தானால் புது பிளாக்கில் ஒரு வீடு காலியாகும். அதைப் பட்டியலில் இருப்பவருக்குத்தான் கொடுப்பார்கள். பதினைந்து வருஷம் அதே கதவைத் திறந்து மூடியவளைவிட யாருக்கு உரிமை? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று ஊர் பேசும். பேசட்டும். ஊரா வந்து வாடகை கட்டப் போகிறது? பஸ்ஸில் திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு, சமையலறைக்கு எந்த நிறத்தில் டைல்ஸ் ஒட்டுவார்கள் என்று யோசித்தாள். நவநீதனிடம் மனு கொடுத்ததை மட்டும் சொன்னாள். அதற்குள் இருந்ததைச் சொல்லவில்லை.

அதன் பிறகு தினமும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப் போய்ப் பார்த்தாள். ஆள் வரவில்லை. ஜெஸிமா, வந்தால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள், நான்தான் முதல் மாடி என்றாள். அவள் சும்மா சொன்னதுதான். மாடி விஷயத்திலும் முந்திக்கொண்டாளே என்று வேணிக்கு இருந்தது.

ஆள் வந்த அன்று வெள்ளிக்கிழமை மத்தியானம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் கொடுத்தே ஆக வேண்டிய பட்டுச் சேலை மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியவன் இளைஞன். கழுத்தில் அட்டை, கையில் போன். வெயிலில் மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கினான். மேலிருந்து ஆரம்பித்தால் இறங்கும்போது சுலபம் என்று இரண்டாவது மாடிக்கே முதலில் வந்துவிட்டான்.

அவன் மட்டும் 'வேணி இருக்காங்களா' என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு. அவன் போனைப் பார்த்துக்கொண்டே, "இது மகாலட்சுமிங்கிறவங்க வீடுதானே?" என்று கேட்டான்.

வேணி மெஷினை நிறுத்தினாள். அட்டையைப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக அட்டையைப் பார்த்தால் அவள் வாயிலிருந்து என்ன வருமோ அது வந்தது.

"ஆமாங்க சார். அக்கா கடைக்குப் போயிருக்காங்க."

"நீங்க?"

"தங்கச்சிங்க. ஊர்லேர்ந்து வந்திருக்கேன்."

அவன் சுவரைப் பார்த்தான். போட்டோவில் இருப்பது யார் என்று கேட்டான். அக்காவும் மாமாவும் என்றாள். அவன் அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். குழம்பு பொங்குகிற சத்தம் கேட்டு வேணி அடுப்பை அணைக்கத் திரும்பினாள். அந்த நேரத்தில் அவன் கடைசிக் கேள்வியைக் கேட்டான்.

"இங்க வேணின்னு யாராச்சும் வாடகைக்கு இருக்காங்களா?"

வாடகைக்கு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம்.

"அப்படி யாரும் இல்லீங்க சார்," என்றாள் வேணி.

அவன் போனில் எதையோ தட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். குடித்துவிட்டு இறங்கினான். வேணி அடுப்பைத் துடைத்தாள், மெஷினில் வந்து உட்கார்ந்தாள், ஊசிக்கு நூல் கோத்தாள். கால் மிதிக்கப் போன இடத்தில் நின்றுவிட்டது. யாரும் இல்லை என்று யாரைப் பற்றிச் சொன்னோம் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

பட்டுச் சேலையைப் போட்டது போட்டபடி கீழே ஓடினாள். அவன் முதல் மாடியில் ஜெஸிமாவின் வாசலில் நின்றிருந்தான். ஜெஸிமா ஆதார் கார்டைக் காட்டி, இந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன், சென்னையில் இருக்கிற பெரியவருடைய வீடு இது என்று தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கிறவன் கேட்கிறான், உண்மையைச் சொல்கிறாள், அவ்வளவுதான். இது இத்தனை சுலபமா என்று நினைத்தபடி வேணி நடுவில் புகுந்தாள்.

"சார், நான்தான் வேணி."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப மேல பாத்தது?"

"அதுவும் நான்தான் சார்."

ஜெஸிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பதிவை அனுப்பியாகிவிட்டது என்றான். மனுவில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், வாயால் ஒன்று சொல்கிறீர்கள், ஒரே வீட்டுக்கு நான் எதை நம்புவது என்று கேட்டான். இந்த விலாசத்தில் ஆதாரோ ரேஷன் கார்டோ கேஸ் பில்லோ ஏதாவது ஒன்று இருந்தால் ஆபீஸுக்குக் கொண்டுவாருங்கள், மாற்றித் தரச் சொல்கிறேன் என்றும் சொன்னான். நல்ல பையன்தான். வேணியிடம் அந்த விலாசத்தில் இருந்தது ஒரு தையல் மெஷின் மட்டுமே.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன் சொந்தக் குரலில் கத்திக் கெட்டது. வேணி அதுகூட இல்லை, அடுத்தவளின் தங்கச்சியாகக் கத்திக் கெட்டாள்.

நவநீதனிடம் சொன்னபோது அவன் இருமல் வரும் வரைக்கும் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். மனுவில் மகாலட்சுமியைப் பற்றி எழுதியதையும் அப்போதுதான் சொன்னாள். அவன், "அவங்க நமக்கு என்ன பண்ணாங்க வேணி?" என்றான். ஒன்றும் பண்ணவில்லை என்பதுதானே அவள் வியாதி.

மாதக் கடைசியில் மெசேஜ் வந்தது. ஜெஸிமாவின் மனு ஏற்கப்பட்டு, பெயர் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேணியின் மனு, குறிப்பிட்ட முகவரியில் மனுதாரர் வசிக்கவில்லை என்பதால் நிராகரிக்கப்பட்டது. புகார் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெஸிமா நல்ல மனசோடு ஒரு கிண்ணம் சேமியா பாயசம் கொண்டுவந்து, திரும்ப மனு போடு, நானும் கூட வருகிறேன் என்றாள். வேணி பாயசத்தை வாங்கிக்கொண்டாள். பட்டியலில் ஜெஸிமாவுக்குப் பின்னால் எங்கேயோ வால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அதுவும் புது வாடகை வீட்டுக்குப் போய் ஆதாரை மாற்றிய பிறகுதான். ஒரே நாளில், ஒரே பஸ்ஸில், ஒரே வரிசையில் நின்றவர்கள். முந்திரி நிறையப் போட்டிருந்தாள் ஜெஸிமா. வேணி ஒவ்வொரு முந்திரியாகக் கடித்துத் தின்றாள்.

காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியது. சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மகாலட்சுமி வந்தாள். இந்த முறை முருங்கைக்காய் இல்லை. உள்ளே வந்ததும் வராததுமாக வேணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எல்லாம் தெரிந்துவிட்டது, ஆளைப் பிடித்துவிட்டாள் என்றே வேணி நினைத்தாள். மகாலட்சுமியின் கண்ணில் தண்ணீர் நின்றது.

கைரேகை வைக்கப் போன இடத்தில் சொன்னார்களாம். யாரோ அவள் மேல் மனு போட்டிருக்கிறார்கள், இங்கே குடியிருக்கவில்லை என்று. யார் என்பதை அவர்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆள் போய்ப் பார்த்தபோது தங்கச்சி இருந்தார்கள், வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, அதனால் புகாரை முடித்துவிட்டோம் என்றார்களாம். கைரேகை வாங்கினார்கள், பணமும் பேங்குக்கு வந்துவிட்டது.

"நீ மட்டும் அன்னைக்கு வேற மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வீடு போயிருக்கும் வேணி," என்றாள். "உனக்கே வீடு இல்லாம நிக்கிற. சொல்லியிருக்கலாம். நீ சொல்லல. கூடப் பொறந்தவகூட இப்படி இருக்க மாட்டா."

வேணி கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. அந்த வீடு அம்மா வெள்ளத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாங்கிய வீடு என்று மகாலட்சுமி சொன்னாள். மாமனார் வீட்டில் தனக்கு எவ்வளவு மதிப்பு என்பது தனக்குத்தான் தெரியும், என் வீடு என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் இந்த ஒரு கதவுதான் இருக்கிறது என்றாள். பதினைந்து வருஷமாக வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னவள் அது ஏன் என்று இன்றைக்குத்தான் சொன்னாள். பிறகு முந்தானையிலிருந்து ஒரு கவரை எடுத்து வேணியின் கையில் வைத்தாள்.

வாடகைக்கென்று வாரியம் பேங்கில் போட்ட தொகை. முழுசாக இருந்தது.

"இது எனக்கு எதுக்கு? காலி பண்ணிட்டு அலையப் போறது நீதானே. அட்வான்ஸைக் கட்டு. அங்க போனதும் மொதல்ல ஆதாரை மாத்திட்டு இன்னொரு மனு போடு. நானும் கூட வரேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வேணி நினைத்தாள். திருவானைக்கோவில் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரை கெடு வைத்திருந்தார். நவநீதன் மார்க்கெட்டில் கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். கவரைப் பிடித்த விரல்கள் அவளைக் கேட்காமலே இறுகின. வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்ட பிறகு வாய் சும்மா இருக்காமல், திருடன் திருட்டுப் போன வீட்டுக்கே துக்கம் விசாரிக்கப் போவது போல, ஒரு கேள்வியைக் கேட்டுவைத்தது.

"யாருக்கா அப்படி எழுதியிருப்பாங்க?"

மகாலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரா இருந்தா என்ன. வீடில்லாத யாரோ ஒருத்தி வயிறு எரிஞ்சு எழுதியிருப்பா. வீடு இருந்தும் அதுல குடியிருக்காதவங்களப் பாத்தா எரியத்தானே செய்யும்? அவளுக்கும் சீக்கிரம் ஒரு வீடு அமையணும்னு காலைல ரெங்கநாதர்கிட்ட வேண்டிக்கிட்டுத்தான் வரேன்."

அவள் வேணியை உத்தேசித்துச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. முகத்தில் ஒரு துளி கள்ளமில்லை. அதைத்தான் வேணியால் தாங்க முடியவில்லை. நான்தான் அக்கா எழுதினேன் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தப் பெண்பிள்ளை அதையும் மன்னித்துவிடுவாள். கவரையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டாள். அந்த எண்ணம் வந்ததும் வார்த்தை வந்த வழியே உள்ளே போய்விட்டது.

"உக்காருங்கக்கா, காபி போடறேன்," என்று மட்டும் சொன்னாள்.

கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்து ஒரு பாத்திரத்தை எடுத்துப் பாலை அடுப்பில் வைத்தாள். மகாலட்சுமி கீழே உட்கார்ந்து, பாதியில் கிடந்த பழைய துணிகளை அவளுக்காக மடித்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள். வீடு, மாடு, கொல்லை, கிணறு, எல்லாம் அவளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றே அப்போது வேணிக்குத் தோன்றியது. எதிரியின் பெயரைக்கூடக் கேட்காமல் அவளுக்கு வீடு வேண்டிக்கொள்ளத் தெரிகிறதே, அதையும் அவளுக்கே கொடுத்துவிட்டாயே ரெங்கநாதா என்று வயிறு எரிந்தது. இத்தனை நாளும் எரியாத எரிச்சல் அது. வீட்டைப் பார்த்து வந்த பொறாமைக்கு மனு எழுதித் தர ஆள் இருந்தது, கொண்டுபோய்க் கொடுக்க ஆபீஸ் இருந்தது. இந்த மனசைப் பார்த்து வந்த பொறாமையை எந்த வரிசையில் நின்று யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.